நிரப்பினால் மட்டும் ஒழுகும் பெற்றோல்: தாங்கியை மாற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கார் 2004ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது, பெற்றோல் ஊற்றும் வாய் இடது பக்கம். தாங்கியை முழுக்க நிரப்பினால் இடது பின் ரயருக்கு உட்பக்கமாகச் சொட்டுகிறது. இரண்டு நாள் ஓடித் தாங்கி குறைந்ததும் தானாகவே நின்றுவிடுகிறது. ஒரு கராஜில் கீழே பார்க்காமலே, தாங்கியே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகை ஒன்றையும் சொன்னார்களாம். பக்கத்து வீட்டு அண்ணா, ஓட்டை அடைக்கும் எப்பொக்சிப் பசையான எம்-சீல் அப்பினால் போதும் என்கிறாராம். இதில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

கேள்விக்குள் இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. திருத்தும்வரை காரை இப்படியே ஓட்டலாமா என்பது ஒன்று. தாங்கி வாங்கும் காசு இல்லாமல் இதை ஒழுங்காகத் திருத்த வழி உண்டா என்பது மற்றது. இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். திருத்தும்வரை அரைத் தாங்கிக்கு மேல் அடிக்காதீர்கள், உங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தாதீர்கள். தாங்கியை வாங்க அவசரப்படாதீர்கள், நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் தாங்கி இல்லை. எம்-சீல் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நான் மொறட்டுவையில் ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வேலை பார்த்தவன். ஆனாலும் காரைக் கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒழுக்கு உயரத்தில் இருக்கிறது. தாங்கியின் அடியில் ஓட்டை என்றால் கடைசி லீட்டர்வரை ஒழுகும். நிறையும்போது ஒழுகி, குறைந்ததும் நிற்கிறது என்றால், பெற்றோல் மட்டம் ஏறித் தொடும் இடத்தில்தான் ஓட்டை. அந்த உயரத்தில் சந்தேகப்பட நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதில் யார் என்பதை யாராவது கீழே படுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்காமலே தாங்கி என்று சொன்ன கராஜை நான் அந்த ஒரு காரணத்துக்காகவே சந்தேகிப்பேன்.

சந்தேக நபர்கள் யார் என்று தெரிய, அந்த இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். நீங்கள் மூடியைத் திறந்து நொசிலை விடும் வாயிலிருந்து ஓர் இரும்புக் குழாய் ரயருக்குப் பின்னால் வளைந்து கீழே இறங்குகிறது. இதைத்தான் ஃபில்லர் நெக் என்கிறோம், கராஜில் வெறுமனே 'நெக்' என்பார்கள், நான் கழுத்து என்கிறேன். அந்தக் குழாய் நேரே தாங்கியில் போய் ஒட்டுவதில்லை. இடையில் கைப்பருமனில் ஒரு ரப்பர் ஹோஸ், அதன் இரண்டு முனையிலும் கிளிப். கூடவே பெருவிரல் தடிப்பில் இன்னொரு குழாய் தாங்கியிலிருந்து வாய்ப்பக்கம் ஏறும், அது பிரீதர். பெற்றோல் உள்ளே போகும்போது உள்ளே இருந்த காற்று வெளியே வர வேண்டுமே, அதற்கான வழி. அதற்கும் ரப்பர்த் துண்டும் கிளிப்பும் உண்டு. தாங்கியின் மேல்முகத்தில் பம்ப் இறங்கியிருக்கும் வட்ட மூடி, அதன் கீழே ஒரு ரப்பர் வளையம். இவ்வளவும்தான். இதில் எது போனாலும் நிரப்பினால் ஒழுகும், குறைந்தால் நிற்கும்.

ஒழுக்கே இல்லாமல் ஒழுக்குப் போலத் தெரிவதும் உண்டு. பெற்றோல் வாயைச் சுற்றி ஒரு குழி இருக்கிறதல்லவா, பல கார்களில் அந்தக் குழிக்கு ஒரு சிறிய வடிகால் உண்டு. மழைத்தண்ணீரும் வாயில் சிந்தும் பெற்றோலும் அதன் வழியாக இறங்கி ரயர் பக்கம்தான் விழும். ஷெட்டில் நொசில் 'டக்' என்று நின்ற பிறகும், கணக்கை ரவுண்ட் ஆக்குவதற்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடிக்கும் பழக்கம் நம்மூரில் பலமாக இருக்கிறது. சிந்தியது அந்த வடிகாலால் இறங்கி ரயரை நனைத்ததும் ஆட்கள் பதறிக்கொண்டு வருவார்கள். ஆனால் அது ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். உங்களுடையது இரண்டு நாள் சொட்டுகிறது, ஆகவே இந்தச் சமாதானம் உங்களுக்குப் பொருந்தாது.

நொசில் நின்ற பிறகு அடிப்பதைப் பற்றி இன்னொரு விஷயம். நொசில் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெற்றோல் ஏறி வந்து அந்தத் துளையை மூடியதும் காற்று இழுப்பது தடைப்பட்டு, உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டுத் தானாக நிற்கிறது. அதாவது அது நிற்கும் நேரத்தில் பெற்றோல் ஏற்கெனவே கழுத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் அடித்தால் கழுத்து, ஹோஸ், பிரீதர் எல்லாம் பெற்றோலில் ஊறி நிற்கும். பெற்றோல் வெயிலில் விரிவடையும் சாமான். பத்துப் பாகை சூடு ஏறினால் நாற்பது லீட்டர் ஏறத்தாழ 400 மில்லிலீட்டர் கூடும், ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் அளவு. நிலத்தடித் தாங்கியிலிருந்து வந்த பெற்றோலை விளிம்புவரை நிரப்பி, காலி வீதி வெயிலில் காரை நிறுத்தினால் அந்த 400 மில்லி எங்கே போகும்? ஓட்டை இருந்தால் அதன் வழியே வெளியே. ஓட்டை இல்லாவிட்டால் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குள் போய் அதைக் கெடுக்கும். முதல் 'டக்' போதும். கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போதும்.

சரி, எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய ஓட்டும்போதே சில அடையாளங்கள் கிடைக்கும். வாய் இடது பக்கம் இருப்பதால், கார் வலப்பக்கம் திரும்பும்போது பெற்றோல் இடப்பக்கம் எறியப்படும். நம் நாட்டில் சுற்றுவட்டங்களை வலமாகத்தான் சுற்றுகிறோம். லிப்டன் சுற்றுவட்டத்தைச் சுற்றி வந்தவுடன் பெற்றோல் மணம் வருகிறது, நேர் வீதியில் வருவதில்லை என்றால் பெற்றோல் வாய் மூடியின் ரப்பர் வளையத்தையோ கழுத்தின் மேல்பகுதியையோ முதலில் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போதே நிதானமாகச் சொட்டினால் ஹோஸ் இணைப்பு, அல்லது கழுத்தின் கீழ்ப்பகுதி. ஷெட்டில் அடிக்கும் அந்த ஒரு நிமிடம் மட்டும் கொட்டி, பிறகு நின்றால் பிரீதர் அல்லது கழுத்தின் நடுவில் ஓட்டை. நிரப்பிய அன்று காருக்குள், முக்கியமாகப் பின் சீட்டில் இருப்பவர்களுக்கு மணம் அடித்தால் பம்ப் மூடியின் வளையத்தில் சந்தேகம். பல ஜப்பான் கார்களில் பின் சீட் மெத்தையைத் தூக்கினால் அந்த மூடி தெரியும்.

இதோடு சேராத ஓர் ஒழுக்கு உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாங்கியில் எவ்வளவு இருந்தாலும், எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால் அது பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய். அதில் ஏறத்தாழ மூன்று பார் அமுக்கம் இருக்கிறது, ரயரில் இருப்பதைவிடக் கூட. ஊசி முனை அளவு ஓட்டையிலும் பீச்சியடிக்கும். அந்தக் காரை ஓட்டவே கூடாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நீங்கள் சொன்ன விவரத்தில் அது தெரியவில்லை. இருந்தாலும் எஞ்சினை ஓடவிட்டு, வேறொருவரைக் கொண்டு ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால்: கழுத்துக் குழாயில் கறள், அல்லது ஹோஸ் வெடிப்பு. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் ஓடும் கார்களில் இதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது, பின் ரயர் சேற்றைக் கொண்டுவந்து அப்புகிறது. ரயருக்கு மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பின் பின்னால் அந்தச் சேறு கட்டிப்பட்டு ஈரம் காயாமல் இருக்கும். சேர்விஸில் பவர் பம்ப் அடிப்பவர்கள் வெளியே மினுக்குவார்கள், மறைப்பின் பின்பக்கம் யாருக்கும் தெரியாது. குழாயைக் காரின் பொடியோடு (உடற்கூட்டோடு) பிடித்திருக்கும் தகடு வெல்ட் செய்யப்பட்ட இடமும், ரப்பர் ஹோஸ் மூடியிருக்கும் முனையும்தான் முதலில் தின்னப்படும். போதாததற்கு, ஜப்பானில் பனி கொட்டும் வடபகுதிகளில் வீதிக்கு உப்புத் தூவுகிறார்கள். அங்கே ஓடிய கார் இங்கே வந்து இறங்கும்போதே அடிப்பக்கம் கறளோடுதான் வரும், மேலே பெயின்ற் பளபளக்கும். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களையே இழுத்தோம். அதனால் இருபது வயதுக் கழுத்துக் குழாய்கள் கொழும்பில் இன்று நிறைய ஓடுகின்றன.

2022க்குப் பிறகு கூடுதலாக ஒரு வகையையும் கண்டேன். பெற்றோல் தட்டுப்பாட்டு நேரத்தில் ஆட்கள் ஒரு காரிலிருந்து உறிஞ்சி இன்னொன்றுக்கு ஊற்றினார்கள். கடினமான குழாயைத் திணித்துத் திணித்துக் கழுத்துக்குள் இருக்கும் சிறு தகட்டை வளைத்துவிட்டார்கள், கீழே ஹோஸையும் குத்தினார்கள். களவுக்குப் பயந்து வீதியோரக் கடையில் பூட்டு மூடி வாங்கிப் போட்டவர்களும் உண்டு. அளவு சரியில்லாத மூடி பூட்டும், ஆனால் அடைக்காது. உங்கள் மூடி காரோடு வந்ததா, பிறகு வாங்கியதா என்று பாருங்கள். பிறகு வாங்கியது என்றால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மலிவு அதுதான்.

பார்ப்பது எப்படி? காரை வெட்ட வெளியில், சம தரையில் நிறுத்துங்கள். உங்கள் தொடர்மாடிக் கீழ்த்தளம் வேண்டவே வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு பாரம், அது மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே பற்றும். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும்போது வரும் ஒரு பொறி போதும். பெற்றோல் ஆவி விட, உறைகுளிருக்கும் நாற்பது பாகை கீழே இருந்தாலே போதும் என்னும்போது, கொழும்பு வெக்கையில் அது எப்போதும் தயார்நிலையில்தான் இருக்கிறது. மூக்கையும் நம்ப முடியாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும், மணம் போய்விட்டது என்று நினைப்போம்.

வெளிச்சத்துக்கு எல்ஈடி டோர்ச் மட்டும். வயரில் தொங்கும் குமிழ் விளக்கு வேண்டாம், ஒரு சொட்டு விழுந்தால் சூடான குமிழ் வெடிக்கும். முன் ரயர்களுக்குக் கட்டை போட்டு, ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகே கீழே போங்கள். ரயரைக் கழற்றி, பிளாஸ்டிக் மறைப்பின் பொத்தான்களை எடுத்தால் கழுத்து முழுவதும் தெரியும். சொட்டு விழும் இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெற்றோல் குழாயோடு ஓடி, எங்கே பள்ளமோ அங்கேதான் சொட்டும். ஒழுக்கு அதற்கு ஓர் அடி மேலே இருக்கலாம். சேறு படிந்த குழாயில் பெற்றோல் ஓடிய பாதை மட்டும் கழுவிவிட்டது போலத் துப்புரவாக இருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போங்கள், கோடு தொடங்கும் இடம்தான் இடம். ஹோஸின் மேற்புறம் நன்றாக இருக்கும், வெடிப்பு பின்புறம் இருக்கும். வீட்டிலிருக்கும் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை உள்ளே நீட்டிப் பாருங்கள். விரலால் ஹோஸை மெதுவாக வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடர் தூவிவிட்டு, அடுத்தமுறை நிரப்பியபின் பாருங்கள். ஈரம் எங்கே தொடங்கியது என்று பவுடர் காட்டிக்கொடுக்கும்.

சில கராஜ்களில் புகை மெஷின் இருக்கிறது, மிகக் குறைந்த அமுக்கத்தில் தாங்கிக்குள் புகை விட்டுப் பார்ப்பார்கள். கிடைத்தால் நல்லது. ஆனால் ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரைத் தாங்கியில் பிடிக்க யாரையும் விடாதீர்கள். தாங்கி அந்த அமுக்கத்துக்குச் செய்யப்படவில்லை, ஊதிப் பிளந்துவிடும்.

ஒழுக்கு ஹோஸில் என்றால் அதிர்ஷ்டம். பழைய ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போங்கள். பெற்றோலுக்கு என்றே செய்த ஹோஸ் கேளுங்கள். எஸ்ஏஇ ஜே30 என்று மேலே அச்சடித்திருந்தால் சந்தேகமில்லாமல் வாங்கலாம். ரேடியேட்டர் ஹோஸ் அளவில் ஒத்துப்போகும், கடைக்காரரும் "இதையே போடுங்கள் அண்ணா, எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்பார். போடாதீர்கள். அந்த ரப்பர் வெந்நீருக்குச் செய்தது, பெற்றோல் பட்டால் பணியாரம்போல ஊதிக் கூழாகும். பழைய ஹோஸ் வளைந்த வடிவத்தில் வார்க்கப்பட்டதென்றால் அதே வளைவுள்ளதைத் தேடுங்கள். நேர் ஹோஸை வளைத்துப் போட்டால் நடுவில் மடிந்து, ஷெட்டில் இரண்டு லீட்டருக்கு ஒருமுறை நொசில் நின்று உயிரை வாங்கும். பிரீதர்த் துண்டையும், நான்கு கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். கறள் பிடிக்காத கிளிப்பாக இருக்கட்டும், கடற்கரைப் பக்கம் மலிவுக் கிளிப் நிலைக்காது.

கழுத்துக் குழாயில் கறள் என்றால் குழாயையே மாற்றுவதுதான் என் வழி. புதிது கிடைத்தால் புதிது, இல்லாவிட்டால் பஞ்சிகாவத்தையிலோ தெல்கந்தையிலோ கழற்றிய பாகம். மொடல் பெயரைச் சொல்லிக் கேட்காமல் சேசி இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயரில் வந்த கார்களிலேயே குழாயின் வளைவு வேறுபடும். பழைய குழாயை வாங்கும்போது கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்து மினுங்கினால் உஷாராக இருங்கள். ஒரு முனையில் டோர்ச்சை அடித்து மறுமுனையால் பாருங்கள், ஊசித் துளை நட்சத்திரம்போலத் தெரியும். ஹோஸ் ஏறும் முனையை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள், கறள் செதிலாக உதிர்ந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எம்-சீல். பக்கத்து வீட்டு அண்ணாவை நான் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். இரும்புக் குழாயில் ஊசித் துளை ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி இரும்பு உறுதியாக இருக்கிறது, பெற்றோலே படாமல் காயவைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்திருக்கிறீர்கள் என்றால், பெற்றோல் தாங்கிக்கு என்று விற்கும் எப்பொக்சி சில காலம் பிடிக்கும். எத்தனை காலம் என்று யாரும் உறுதி தர முடியாது. தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சாதாரண வகையை இதில் நம்பமாட்டேன். கறளின் மேல் அப்பினால் அடியில் கறள் தன் வேலையைத் தொடரும், கடைசியில் அப்பியது மூடிபோலக் கழன்று கையில் வரும். சிலிக்கோன் பசை பெற்றோலில் ஊறி ஜெலியாகிவிடும், அதைத் தொடவே வேண்டாம். ரப்பர் ஹோஸில் எந்தப் பசையும் நிற்காது.

எங்கள் குருநாதர் காலத்தில் சன்லைட் சவர்க்காரத்தைத் தேய்த்து அடைப்பார்கள். சிரிக்காதீர்கள், அது வேலை செய்யும். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது, மெல்லக் கசியும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் கராஜ் போய்ச் சேரும்வரை தாங்கும். மழை பெய்தால் போச்சு. தூரப் பயணத்தில் நடுவழியில் மாட்டியவருக்கு அது கைகொடுக்கும், வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

வெல்டிங் பற்றிக் கடுமையாகவே எழுதப்போகிறேன். காரில் பூட்டியபடி கழுத்துக்கோ தாங்கிக்கோ வெல்டிங் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். "பெற்றோலை எல்லாம் எடுத்துவிட்டோம், தாங்கி காலி" என்பார்கள். காலித் தாங்கிதான் பயம். நிறைந்த தாங்கியில் காற்றுக்கு இடமில்லை, காலித் தாங்கியில் ஆவியும் காற்றும் வெடிப்பதற்கு வேண்டிய அளவில் கலந்து நிற்கும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கராஜில் இதைக் கண்ணால் கண்டேன். இரவு முழுக்கத் தாங்கியைத் திறந்து வைத்திருந்தார்கள், காலையில் பாஸ் கழுத்து முனையில் நெருப்பைக் காட்டினார். 'பும்' என்று ஒரு சத்தம், ஒரு நொடிதான். பாஸின் புருவமும் முன்தலை மயிரும் இல்லை, இரண்டு கையும் கொப்புளம். தாங்கி பலாப்பழம்போல ஊதியிருந்தது. அவர் உயிரோடு வீட்டுக்குப் போனது அவருடைய நல்ல காலம். கழுத்தைத் தனியே கழற்றி, சவர்க்காரத் தூளும் கொதிநீரும் விட்டுப் பலமுறை கழுவிக் காயவைத்து, காரிலிருந்து தூரக் கொண்டுபோய்ப் பித்தளை ஒட்டுப் போட்டால் அது நல்ல வேலை. அதையும் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

நீங்களே கழற்றப்போகிறீர்களா? ஹோஸ் மாற்றுவது கைப்பழக்கம் உள்ளவர் செய்யக்கூடியது. முதலில் ஓட்டித் தாங்கியைக் கால்வாசிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பத்திரமான வடிப்பு வேறில்லை. வாயால் உறிஞ்ச வேண்டாம், ஒரு மிடறு நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் வெந்துவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பற்றரியின் மைனஸ் வயரை எடுத்துவிடுங்கள். மூடியை ஒருமுறை திறந்து உள்ளே இருக்கும் அமுக்கத்தை விட்டுவிடுங்கள். பவுடர் வகைத் தீயணைப்புக் குடுவை ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, பெற்றோல் தண்ணீரில் மிதந்து நெருப்பைப் பரப்பும். தீயணைப்புப் படைக்கு 110.

கிளிப்பைத் தளர்த்திய பிறகு ஹோஸை இழுக்காதீர்கள். கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பி ஒட்டை விடுவித்த பிறகு கழற்றுங்கள். இழுத்தால் தாங்கியின் மூக்கு வளையும், பிறகு உண்மையாகவே தாங்கி வாங்க வேண்டி வரும். கழன்றதும் அந்த மூக்கைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள், மண் உள்ளே விழக் கூடாது. அடைத்த துணியைத் திரும்ப எடுக்க மறக்கவும் கூடாது, அந்தக் கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வாயைச் சுற்றியுள்ள ஸ்குரூக்களையும் பொடியில் பூட்டியிருக்கும் போல்ட்டையும் கழற்றினால் கழுத்து கீழே வரும். சில கார்களில் கழுத்திலிருந்து பொடிக்கு ஒரு சிறு வயர் போகும், சிலதில் அந்த போல்ட்டே அதன் வேலையைச் செய்யும். நொசில் பட்டவுடன் நிலைமின்னைக் கடத்துவது அதுதான். திரும்பப் பூட்டும்போது அதன் கறளைச் சுரண்டி, இரும்பு இரும்போடு படும்படி பூட்டுங்கள். கராஜில் கொடுத்துச் செய்வித்தாலும் இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

புதிய ஹோஸ் ஏறும் இரண்டு முனைகளையும் மெல்லிய எமெரித் தாளால் கையாலேயே தேய்த்துத் துடையுங்கள். கிறீஸ் பூச வேண்டாம், கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் போதும், வழுக்கிக்கொண்டு ஏறும். ஒவ்வொரு முனையிலும் குறைந்தது ஓர் அங்குலம் ஏறியிருக்க வேண்டும். குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும், கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உட்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப்பை இறுக்கினால் ஒரு மாதத்தில் வழுக்கும். பலம் முழுவதையும் காட்டி இறுக்காதீர்கள், ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியே பிதுங்கினால் அது வெட்டுப்படத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சோதிக்கும்போது ஒரேயடியாக நிரப்ப வேண்டாம். பத்து லீட்டர் அடித்து, ஓரமாக நிறுத்தி, இணைப்புகளை வெள்ளை டிசு ஒன்றால் ஒற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடுத்தமுறை முதல் 'டக்' வரை நிரப்பி, மறுபடி ஒற்றிப் பாருங்கள். பிறகு இடப்பக்கம் சரிந்த இடம் ஒன்றில் அரை மணித்தியாலம் நிறுத்திப் பாருங்கள், முடிந்தால் ஒரு சுற்றுவட்டத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு வாருங்கள். அதற்கும் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.

திருத்தும்வரை அரைத் தாங்கியோடு ஓடலாம் என்று முதலில் சொன்னேன். அதை மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். சொட்டு நின்றாலும் ஓட்டை வழியாக ஆவி போய்க்கொண்டுதான் இருக்கும், மழை நாளில் ரயர் அடிக்கும் தண்ணீர் அதே ஓட்டையால் தாங்கிக்குள் இறங்கும். தண்ணீர் பம்பைக் கெடுக்கும், தாங்கியை உள்ளிருந்து கறளாக்கும்.

மறைப்பைக் கழற்றிப் பார்த்தபின், தாங்கியின் மேல் விளிம்பிலேயே கறள் தின்றிருக்கிறது, கழுத்தும் ஹோஸும் காய்ந்து கிடக்கின்றன என்றால், அந்தக் கராஜ்காரர் சொன்னது சரி. நானும் தாங்கியை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கே நனைந்திருக்கிறது என்பதை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் கொடுங்கள். காட்டாமல் மழுப்பினால் வேறு கராஜ். யார் மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஓட்டையைப் பாருங்கள், வீட்டுக்குள் கொண்டுபோக முன் வெளியே ஒரு நாள் காயவிடுங்கள்.